ஃபிங்கர்போர்டு எண்ணெய் குடிக்குதா? பேஸ் கிட்டார் மரத்துக்குள்ள என்ன நடக்குது

ஸ்ட்ரிங் மாத்தும்போது பார்த்தா ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு, அதாவது கழுத்து மேல விரல் வச்சு அழுத்துற பலகை, வெளுத்துப்போய் கிடக்கும், ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு தேய்ச்ச உடனே கருகருன்னு ஆயிடும், நாமளும் "பாவம், மரம் தாகத்துல இருந்திருக்கு"ன்னு முடிவு பண்ணிடுவோம். ஆனா மரத்துக்கு தாகம்னு ஒண்ணு இருந்தா அது தண்ணிக்குத்தான், எண்ணெய்க்கு இல்ல.

மரத்தோட செல் சுவர்ல பெரும்பகுதி செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும்தான், அதுல இருக்குற ஹைட்ராக்ஸில் குரூப்புங்க (தண்ணியை இழுக்குற ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் முனைங்க) காத்துல இருக்குற நீராவியை இழுத்து பிடிச்சு வச்சுக்கும், காத்து காய்ஞ்சா திருப்பி விட்ரும். மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் இந்த கொடுக்கல் வாங்கல் நிக்காது. காத்தோட ஈரப்பதம் 50% பக்கம் இருந்தா மரத்தோட உலர்ந்த எடையில சுமார் 9% தண்ணி இருக்கும், 25%க்கு இறங்கினா அது 5, 6 சதவீதம் ஆயிடும். அப்படி தண்ணி போகும்போது செல் சுவர் சுருங்குது, ஆனா எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்ல, நார் ஓடுற நீளவாட்டுல கிட்டத்தட்ட சுருங்கவே சுருங்காது, குறுக்குவாட்டுலதான் சுருங்கும். ஃபிங்கர்போர்டோட அகலம் இருக்கே, அது அந்த குறுக்குவாட்டுலதான் வருது. அதுல குறுக்கா அடிச்சிருக்குற கம்பி, அதாவது ஃப்ரெட், உலோகம், அது சுருங்காது. அதனாலதான் ஏசி ரூம்லயே கிடக்குற பேஸ்ல கழுத்து ஓரமா கையை ஓட்டினா ஃப்ரெட் முனைங்க குத்துது.

இதுக்கு எண்ணெய் போட்டா சரியாகுமா? ஆகாது. எண்ணெய் மூலக்கூறு தண்ணி மாதிரி போய் அந்த ஹைட்ராக்ஸிலை பிடிச்சுக்காது, செல் சுவரை உப்ப வைக்காது, மேல இருக்குற துளைகள்லயும் குழாய் மாதிரி இருக்குற செல்கள்லயும் போய் உக்காந்துக்கும், அவ்ளோதான். ஆவி போக்குவரத்தை கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. ஃப்ரெட் குத்துனா தேட வேண்டியது ஈரப்பதத்தை, கிட்டாரை 45லேருந்து 55% ஈரப்பதத்துல வச்சிருந்தாலே பாதி பிரச்சனை வராது.

அப்போ கருப்பாகுறது? அது முழுக்க வெளிச்சத்தோட விளையாட்டு, ஈரமான துணி இருட்டா தெரியுதே, அதே கணக்குதான். காய்ஞ்ச மரத்தோட மேல்பரப்புல குட்டி குட்டி குழிங்க, அதுக்குள்ள காத்து. மரப்பொருளோட ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்ளோ வளைக்கும்ங்கற அளவு) சுமார் 1.5, காத்துக்கு 1. இவ்ளோ வித்தியாசம் இருக்குறதால வெளிச்சம் ஒவ்வொரு ஓரத்துலயும் சிதறி நம்ம கண்ணுக்கு திரும்பி வருது, மரம் வெளுப்பா தெரியுது. குழியில காத்து இருந்த இடத்துல எண்ணெய் நிரம்பிட்டா, எண்ணெயோட எண் 1.47 பக்கம், மரத்துக்கு ரொம்ப நெருக்கம், சிதறல் குறைஞ்சு வெளிச்சம் உள்ள போயிடும், மரத்தோட சொந்த நிறம் தெரியும். நிறம் மாறின வேகத்தைப் பார்த்து மரம் எவ்ளோ காய்ஞ்சிருந்துச்சுன்னு கணக்கு போடுறதுல அர்த்தமே இல்ல.

எண்ணெய் செய்யுற உருப்படியான இன்னொரு வேலை அழுக்கு எடுக்குறது. விரல் கொழுப்பு, செத்த தோல், வேர்வை எல்லாம் சேர்ந்து ஃப்ரெட் ஓரத்துல பச்சையும் கருப்புமா ஒரு பிசுக்கு கட்டியிருக்கும் பாருங்க, அதுல இருக்குற கொழுப்பு எண்ணெய்லதான் கரையும், தண்ணியில வராது.

எந்த எண்ணெய்ங்கறதுல தான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கடையில லெமன் ஆயில்னு விக்கிறதுல பெரும்பாலும் மினரல் ஆயில்தான், வாசனைக்கு எலுமிச்சை. அதுல தப்பு இல்ல, மினரல் ஆயில்ல இரட்டைப் பிணைப்பு கிடையாது, அதனால கெட்டும் போகாது, இறுகவும் இறுகாது. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஆக்ஸிஜனோட சேர்ந்து மெதுவா சிக்கு வாசம் அடிக்க ஆரம்பிக்கும், பிசுபிசுன்னு ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் வேற ரகம், அது காத்துல இருக்குற ஆக்ஸிஜனை வாங்கி மூலக்கூறுங்க ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெட்டியான படலமா மாறிடும், அதனால நிறைய போட்டா துடைச்சு எடுக்குறது கஷ்டம்.

மேப்பிள் ஃபிங்கர்போர்டுக்கு இது எதுவும் தேவையில்ல, ஏன்னா அது மேல பெரும்பாலும் லாக்கரோ பாலியூரித்தேனோ அடிச்சிருப்பாங்க, எண்ணெய் மேலயே நின்னு வழுக்கும், ஈரத்துணியே போதும். 1951ல வந்த ஃபெண்டர் பிரசிஷன் பேஸ்ல மேப்பிள்தான், ரோஸ்வுட் வந்தது 50கள் கடைசியில. பேஸ்ல ரோஸ்வுட் இருந்தும் ரிக்கன்பேக்கர் மாதிரி சிலது மேல ஃபினிஷ் அடிச்சே வரும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

வேலை ரொம்ப சின்னது. ஸ்ட்ரிங்கை கழட்டுங்க, நாலு ஸ்ட்ரிங் சேர்ந்து கழுத்தை 70, 80 கிலோ விசையோட இழுத்துட்டு இருக்கும், அது கொஞ்ச நேரம் இல்லாம இருந்தா கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அப்படியே பல நாள் விடாதீங்க. அழுக்கு கெட்டியா இருந்தா நாலு சைபர் (0000, ரொம்ப மெல்லிசான) ஸ்டீல் வூலால நார் போற திசையில லேசா தேய்க்கலாம், அதுக்கு முன்னாடி பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை சிக்னலா மாத்துற காந்தப் பாகம்) மேல டேப் ஒட்டிடுங்க, காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கிச்சுன்னா எடுக்குறது பெரும்பாடு. அப்புறம் துணியில சில சொட்டு எண்ணெய், அஞ்சு பத்து நிமிஷம் விட்டுட்டு மேல நிக்கிறதை எல்லாம் துடைச்சிடணும், கை வச்சா ஈரம் தெரியக்கூடாது. எண்ணெய் மிச்சம் இருந்தா அது புது ஸ்ட்ரிங்கோட சுத்துகளுக்குள்ள போய் தூசியை பிடிச்சு வச்சு ஓவர்டோனை (ஸ்ட்ரிங்கோட மேல் சுரங்களை) எல்லாம் அமுக்கிடும், காசு போட்டு வாங்கின பளிச்சுன்னு வர்ற சத்தம் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை, ரொம்ப வாசிக்கிறவங்க ரெண்டு தடவை.

ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸ், வாசிக்கிறவங்களுக்கு மட்டும் கதை கொஞ்சம் மாறும், மேல உருண்டைக் கம்பி சுத்தின ரவுண்ட்வுண்ட் ஸ்ட்ரிங் மரத்தை நேரடியா அரிக்கும், எண்ணெய் அதுக்கு கவசம் ஆகாது. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன்னோட ஃப்ரெட் இல்லாத ஃபெண்டர் ஜாஸ் பேஸ்ல படகுக்கு அடிக்கிற எப்பாக்ஸியை பூசினது இதுக்காகத்தான். நீங்க ஆளிவிதை எண்ணெய்தான் போட்டீங்கன்னா, துடைச்ச துணியை கசக்கி குப்பைத்தொட்டியில போடாதீங்க, அது இறுகும்போது சூடு வரும், கசங்கின துணியில அந்த சூடு வெளிய போக வழியில்லாம தானா தீப்பிடிக்கும். வெளிய விரிச்சு காயப்போட்டு, கெட்டியானதுக்கு அப்புறம் தூக்கிப் போடுங்க.