மீசோதீலியோமா: நுரையீரல் உறையில் வரும் புற்று

நுரையீரல், வயிற்றறை, இதயம் இவற்றைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அந்த உறையில் தோன்றும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும், அடுத்தபடியாக வயிற்று உறையில். இதய உறையில் வருவது மிக அபூர்வம்.

செய்திகளில் இதை ‘நுரையீரல் புற்றுநோய்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு. நுரையீரல் புற்று நுரையீரலுக்குள்ளேயே தொடங்குவது, அதற்குப் பெரிய காரணம் புகை. மீசோதீலியோமாவுக்கும் பீடி, சிகரெட்டுக்கும் சம்பந்தமில்லை. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாதவருக்கும் வரும். இதன் முதன்மைக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ்.

சொல்லைப் பிரித்தால் கிரேக்கத் துண்டுகள் மூன்று கிடைக்கும். ‘மெசோஸ்’ என்றால் நடு, ‘ஓமா’ என்றால் கட்டி. நடுவில் இருக்கும் ‘தீலி’க்கு முலைக்காம்பு என்று பொருள். புற்றுநோய்க்குள் முலைக்காம்பு எப்படி வந்தது? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு உடற்கூறியலாளர் ஃபிரெடரிக் ரூய்ஷ், மெல்லிய மேல்படலம் ஒன்றுக்கு ‘எபிதீலியா’, அதாவது காம்பின் மேல் இருப்பது, என்று பேர் வைத்தார். பிறகு அந்தப் பேர் உடலில் உள்ள எல்லாப் படலங்களுக்கும் பரவிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கிலிருந்து உருவாகும் படலத்துக்கு மட்டும் ‘மீசோதீலியம்’ என்ற பேர் வந்தது. ஆக, இந்த ‘நடு’ கருவின் நடு அடுக்கு. உடம்பின் நடுப்பகுதி அல்ல.

தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இடைத்தோலியப் புற்று’ என்று வரும். இலக்கணமாகச் சரிதான். ஆனால் படிப்பவருக்கு இடுப்புத் தோலில் வரும் நோய் என்றுதான் தோன்றும். நுரையீரல் உறைக்கு ‘புளூரா’ என்ற ஒலிபெயர்ப்பும், இலங்கைத் தமிழில் ‘புடைச்சவ்வு’ என்ற சொல்லும் உண்டு. என் பரிந்துரை ‘உறைப்புற்று’. எந்த உறை என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: நுரையீரல் உறைப்புற்று, வயிற்று உறைப்புற்று. மருத்துவ அறிக்கையில் மீசோதீலியோமா என்றே இருக்கட்டும், நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது உறைப்புற்று எளிது.

ஆஸ்பெஸ்டாஸுக்கு வருவோம். கிரேக்கத்தில் அதற்கு ‘அணைக்க முடியாதது’ என்று பொருள். முதலில் அது சுட்ட சுண்ணாம்பைத்தான் குறித்தது. நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லும் கனிமத்தைக் கிரேக்கர்கள் ‘அமியாந்தோஸ்’, மாசுபடாதது, என்றார்கள். அதன் இழையில் நெய்த துணியை நெருப்பில் போட்டால் எரியாமல் அழுக்கு மட்டும் போய்விடும் என்பதால் அந்தப் பேர். ஃபிரெஞ்சில் இன்றும் ‘அமியாந்த்’தான். மற்ற ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் சுண்ணாம்பின் பேர் கல்லுக்கு இடம் மாறிவிட்டது.

தமிழ்ச் சொல் ‘கல்நார்’. இது நேற்று அகராதிக்காரர்கள் உட்கார்ந்து ஆக்கியதல்ல. சித்த மருத்துவம் உபரசங்கள் என்னும் மருந்துப் பொருள் வகையில் ஒன்றாகக் கல்நாரைச் சொல்கிறது, கல்நார் பற்பம் என்றே மருந்து உண்டு. பாறையை உரித்தால் வாழைநார் மாதிரி இழை இழையாக வரும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் இல்லை. புணர்ச்சி விதிப்படி ‘கன்னார்’ என்று எழுத வேண்டும் என்பார்கள் சிலர். கன்னார் என்றால் பித்தளைப் பாத்திரம் செய்பவர்கள் என்றும் பொருள் இருப்பதால், கல்நார் என்று பிரித்து எழுதுவதே நல்லது.

ஆபத்து அந்த ‘நார்’ என்ற பாதியில்தான் இருக்கிறது. இழை நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஊசியாகிவிடும். மூச்சோடு உள்ளே போனதை விழுங்கிச் செரிக்க வெள்ளணுக்கள் முயலும், நீளம் அதிகம் என்பதால் முடியாது. அந்த இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, உயிரணுவின் மரபுப்பொருள் கெடும். நோய் வெளியே தெரிய 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம்.

இந்தத் தாமதத்தால்தான் காரணம் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரக் காசநோய் மருத்துவமனைக்கு நெஞ்சில் நீர் கோத்த நோயாளிகள் வந்தார்கள், காசநோய் மருந்து சிலருக்குக் கேட்கவில்லை. வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சாண்ட் என்ற மருத்துவர்கள் மூவரும் 1960இல் இப்படி 33 பேரைப் பற்றி எழுதினார்கள். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கல்நார்த் தொடர்பு இருந்தது. கல்நார்ச் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், சிறு வயதில் அந்தப் பக்கம் குடியிருந்தவர்களும் அதில் அடக்கம். அங்கே தோண்டியது குரோசிடோலைட் என்னும் நீலக் கல்நார், வகைகளிலேயே மிகக் கொடியது. நம் ஊர்க் கூரை ஷீட்டில் இருப்பது கிரைசோடைல் என்னும் வெள்ளைக் கல்நார். வெள்ளை பாதுகாப்பானது என்று அதை விற்பவர்கள் சொல்வதுண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைகளையும் புற்று உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘ஆஸ்பெஸ்டோசிஸ்’ புற்றுநோய் அல்ல. கல்நார்த் தூசியால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது. 1924இல் இங்கிலாந்தின் ராச்டேலில் இறந்த ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷாவின் நோய் அதுதான். அதைக் ‘கல்நார் நுரையீரல் நோய்’ எனலாம்.

கல்நாரைப் பிரிட்டன் 1999இல் முழுதாகத் தடை செய்தது. இலங்கை 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, கல்நார் விற்கும் ரஷ்யா, வண்டு இருந்ததென்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை பின்வாங்கியது. இந்தியாவில் முழுத் தடை இல்லை. ஆனால் 1995இல் உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டதன் அடையாளம் அந்த 40.

நம் கடைகளில் இதன் பேர் ‘சிமெண்ட் ஷீட்’. பேரில் கல்நாரே இல்லை, அதனால் கூரை வேலை செய்பவர்கள் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அறுக்கிறார்கள். முழுசாக இருக்கும் கூரையின் கீழ் குடியிருப்பதில் ஆபத்து குறைவு. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் இழை பறக்கும். பழைய ஷீட்டை இறக்குவதானால் நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அப்புறம், விடாத மூச்சுத்திணறலோ நெஞ்சில் நீர் கோப்பதோ இருந்து மருத்துவரிடம் போனால், முப்பது வருஷத்துக்கு முந்தைய வேலையையும் அவரிடம் சொல்லுங்கள்.