மருவுக்கு வேர் கிடையாது, தோண்டாதீர்கள்

பிளேடால் சீவிய பாதம், நகவெட்டியால் கிள்ளிய விரல், நூல் கட்டிப் புண்ணாகிப்போன கழுத்து. வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வேர் உள்ளேயே தங்கிடுச்சு டாக்டர், அதான் திரும்ப வந்துடுச்சு."

தங்குவதற்கு அங்கே வேரே இல்லை. மருவை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் தோலின் மேலடுக்கில் மட்டுமே வாழ்கிறது. அதைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. சீவும்போது தெரியும் கறுப்புப் புள்ளிகளைத்தான் வேர் என்று நினைத்துக் குடைகிறீர்கள். அவை மருவுக்குள் ஏறிய நுண்ணிய ரத்தக்குழாய்களில் உறைந்துபோன ரத்தம். குடைந்தால் ரத்தம் கொட்டும், தழும்பு விழும், வைரஸ் போகாது. பார்வைக்கு நல்ல தோல் போலத் தெரியும் சுற்றுப்பகுதியிலும் வைரஸ் இருப்பதால்தான் மரு திரும்ப வருகிறது. கீறிய இடமெல்லாம் அதற்குப் புது வாசல். தாடி மழிக்கும்போது மருவின் மேல் ரேசரை ஓட்டியவர்களுக்குக் கன்னத்தில் வரிசையாக மரு முளைத்திருப்பதைப் பார்க்கலாம்.

பாதத்தில் இருப்பது ஆணியா மருவா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆணியின் மேல் தோல்ரேகைகள் தொடர்ந்து ஓடும், நேராக அழுத்தினால் வலிக்கும். மருவில் ரேகைகள் அறுபட்டு விலகியிருக்கும், இரு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிக்கும்.

கை, கால் மருவுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல மருத்துவம் சாலிசிலிக் அமிலம். திரவமாகச் சுமார் 17 சதவீதம்; தடித்த பாதத்துக்கு 40 சதவீத பிளாஸ்டர். இரவில் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலை பாதம் தேய்க்கும் நுரைக்கல்லால் தேய்த்து எடுங்கள். ரத்தம் கசியுமளவு தேய்க்க வேண்டாம். அந்தக் கல்லை வேறு இடத்திலோ வேறு யாருமோ பயன்படுத்தக் கூடாது. சுற்றுத் தோலில் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் மருந்தை வைத்து, காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். தினமும், 12 வாரம் வரை. பலர் பத்தே நாளில் விட்டுவிட்டு "மருந்து கேட்கலை" என்கிறார்கள். எரிச்சல் அதிகமானால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடருங்கள். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைத் தொடவே கூடாது. சர்க்கரை நோயாளிகளும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் கேட்காமல் வைக்காதீர்கள், தயவுசெய்து. உணர்வு மங்கிய பாதத்தில் புண் ஆழமானாலும் தெரியாது.

அடுத்தது உறைய வைப்பது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பல அமர்வுகள். கொப்புளம் வந்தால் பயப்பட வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். கறுத்த தோலில் வெள்ளைத் தழும்பு தங்கலாம் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரத்தால் சுடுவது வேகமான வழிதான். ஆனால் உள்ளங்காலில் விழும் தழும்பு மருவைவிட அதிகமாக வலிக்கலாம். நிறைய மரு இருந்தால், ஒன்றிரண்டில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி3-யையோ செலுத்தி நோய் எதிர்ப்பைத் தூண்டுவதும் உண்டு. தூரத்தில் இருப்பவையும் சேர்ந்து உதிரலாம்.

குழந்தைகளுக்கு அவசரப்படாதீர்கள். பெரும்பாலானவை இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும்.

பிறப்புறுப்பு மரு தனி விஷயம். பெரும்பாலும் 6, 11 ஆம் வகை வைரஸ், மருந்தும் வேறு. இமிக்விமாட் 5 சதவீத கிரீம் வாரம் மூன்று இரவு, 16 வாரம் வரை. காலையில் கழுவிவிட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், இதே மருவுக்குத் தரப்படும் போடோபிலோடாக்ஸின் என்ற இன்னொரு மருந்து அப்போது கூடாது. வெட்கப்பட்டுக் கைமருந்து தேடாமல் துணையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.