சொந்த மண் சாதகம்: சொல்லும் பொருளும்

'ஹோம் அட்வாண்டேஜ்' என்பதைத் தமிழ்ச் செய்திகளில் 'சொந்த மண் சாதகம்' என்று எழுதுகிறார்கள். போட்டியை நடத்தும் நாட்டு வீரர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பலன் என்பது பொருள். ரசிகர்களின் ஆரவாரம், பயணக் களைப்பு இல்லாமை, நடுவர் மனத்தின் சாய்வு, இடத்தோடு உள்ள பழக்கம் ஆகியவற்றை வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். இன்னொன்றையும் சிலர் சேர்க்கிறார்கள்: ஏற்பாடு மோசமாக இருந்தால் வந்தவர்கள் திணறுவார்கள், உள்ளூர்க்காரர்கள் சமாளித்துவிடுவார்கள் என்று. அது பாதிதான் சரி.

'அட்வாண்டேஜ்' என்பதன் மூலம் 'அவான்' என்ற பிரெஞ்சுச் சொல். 'முன்னால்' என்று பொருள். நடுவில் இருக்கும் 'ட்' பிற்காலத்தில் தவறாக ஒட்டிக்கொண்டது. 'சாதகம்' வடசொல், காரியத்தை முடித்துத் தருவது என்பது அதன் வேர்ப்பொருள். பாடகர்கள் 'சாதகம் பண்ணுகிறேன்' என்றால் விடாப்பயிற்சி. விளையாட்டுக்கு இந்தப் பொருள்தான் நெருக்கம். (பிறப்புக் குறிப்பான சாதகம் வேறு சொல், 'ஜாதகம்' அப்படி எழுதப்படுகிறது.)

பொலிவியாவின் லா பாஸ் நகரக் கால்பந்து மைதானம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் மூச்சுக்கு மூச்சு உடலுக்குள் போகும் ஆக்சிஜன் குறைகிறது, பந்து வேகமாகப் போகிறது, வளைவது குறைகிறது. 2009 ஏப்ரலில் மாரடோனா பயிற்சியளித்த அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. விருந்தினருக்கு வழி இரண்டு. இரண்டு மூன்று வாரம் முன்பே மேலேறி உடலைப் பழக்கலாம். முடியாதவர்கள் அதே நாட்டில் தாழ்வாக உள்ள சாண்டா குரூஸ் நகரில் தங்கி, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு மட்டும் ஏறுகிறார்கள். மலைநோயின் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தலைகாட்டும் என்பதே கணக்கு. ஆனால் சாண்டா குரூஸிலேயே வளர்ந்த பொலிவிய வீரருக்கும் லா பாஸில் மூச்சு வாங்கத்தான் செய்யும். சாதகத்தைத் தருவது கடவுச்சீட்டு இல்லை, அந்த உயரத்தில் கழித்த நாட்கள்.

வெப்பமும் அப்படியே. நாளொன்றுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் சூட்டில் பயிற்சி செய்தால் 10 முதல் 14 நாளில் உடல் பழகும்: இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகும், வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும். சில வாரம் விட்டால் பலன் கரைந்துவிடும். காசும் நாளும் உள்ள அணி இதை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்பாட்டில் பழுது என்பது வேறு கதை. 2016 ரியோ ஒலிம்பிக்கில், குளோரின் இருந்த டைவிங் குளத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தவறுதலாகக் கொட்டினார்கள். அது குளோரினைச் செயலிழக்கச் செய்தது, பாசி வளர்ந்தது, தண்ணீர் பச்சையானது. பிரேசிலுக்கு டைவிங்கில் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ரியோவின் குவானபாரா விரிகுடாவில் கலந்த கழிவுநீர் உலகச் செய்தியாக இருந்தது. அங்கே நடந்த பத்துப் பாய்மரப் படகுப் பிரிவுகளில் பிரேசிலுக்கு ஒரே பதக்கம், அது தங்கம்: மார்ட்டினே கிரேல், கஹேனா குன்ஸே இணை. நீரோட்டமும் காற்றும் அறிந்திருப்பது பயன் தரும். அழுக்கு பயன் தராது.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீரர் குடியிருப்பின் அசுத்தமும் இடிந்த நடைமேம்பாலமும் சர்ச்சையாயின. உடல்நல, பாதுகாப்புக் கவலையைச் சொல்லி, வட்டெறிதலில் அப்போதைய உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் டேனி சாமுவேல்ஸ் விலகினார். பெண்கள் வட்டெறிதலின் மூன்று பதக்கங்களும் இந்தியாவுக்கு, தங்கம் கிருஷ்ணா பூனியாவுக்கு. பழுது உள்ளூர் வீரருக்கு உதவும் நேர்வழி இது ஒன்றுதான்: வலுவான எதிராளி வராமலே போவது. அதற்காக இந்தியாவின் 101 பதக்கங்களையும் அசுத்தத்தின் கணக்கில் எழுதக்கூடாது. வில்வித்தையும் கிரேக்க-ரோமன் மல்யுத்தமும் அந்த முறை இருந்தன. 2014 கிளாஸ்கோவில் இரண்டும் இல்லை, இந்தியா பெற்றது 64. விளையாட்டுப் பட்டியல் மாறுவதும் பெரிய விஷயம். அதைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை.

கிரிக்கெட்டில் பழுது எதிர்ப்பக்கமும் வெட்டும். 2017இல் புனேயின் காய்ந்த ஆடுகளத்தில் இந்தியா 105, 107 ரன்களுக்குச் சுருண்டு 333 ரன்களில் தோற்றது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓ'கீஃப் 12 விக்கெட் எடுத்தார். ஐசிசி ஆடுகளத்தை 'மோசம்' என்று மதிப்பிட்டது. பந்து அளவுக்கு மீறித் திரும்பும் இடத்தில் தேர்ந்த சுழலருக்கும் சுமாரானவருக்கும் இடைவெளி சுருங்குகிறது, டாஸ் வென்றவர் கை ஓங்குகிறது. திருக்குறளின் 'இடனறிதல்' அதிகாரத்தில், சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொல்லும் என்று வரும். புனேயில் யானை இந்தியாதான்.

இனி தமிழ்ச்சொல். 'உள்ளூர் சாதகம்', 'தாயகச் சாதகம்' இரண்டும் லா பாஸ் சோதனையில் தோற்கின்றன: சாண்டா குரூஸ் வீரருக்கும் அது தாயகம்தான், ஆனால் பலன் இல்லை. 'சொந்த மண் சாதகம்' தலைப்புக்குப் போதும். கட்டுரையில் துல்லியம் வேண்டுமென்றால் 'தன்கள வலிமை' எனலாம். அதில் இடத்தோடு பழகியதால் வரும் பகுதியைக் 'களப்பழக்கம்' என்று பிரித்துக் காட்டலாம். பச்சைக் குளத்துக்கும் அழுக்கு அறைக்கும் 'ஏற்பாட்டுக் குறை' என்று தனியே எழுதுவதே சரி. 'சாதகம்' என்ற சொல்லை அங்கே ஒட்டவைக்க வேண்டாம்.