வாலை மட்டும் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள்

இந்த வாரமும் அதே கதை. ‘வால் அழுகுது டாக்டர், எல்லா மருந்தும் போட்டுப் பார்த்தாச்சு’ என்று ஒரு ரோஸ்டெயில் பெட்டாவை, அதாவது ரோஜா இதழ் போல வால் மடிந்த சண்டை மீனை, கொண்டுவந்தார்கள். வால் ஓரத்தில் கறுப்போ சிவப்போ இல்லை. கத்தரித்த மாதிரி பிறை பிறையாகத் துண்டு போயிருந்தது. மீன் தன் வாலைத் தானே கடித்திருக்கிறது. வால் பாரமாகிப்போன மீன்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஓரத்தைக் கவனிக்காமல் ஆன்டிபயாட்டிக் ஊற்றுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தாயும் தகப்பனும் என்ன ரகம் என்று கேட்டேன். இரண்டுமே ரோஸ்டெயிலாம். ‘அப்பத்தானே குஞ்சுகளுக்கு வால் இன்னும் அடர்த்தியா வரும்?’

வரும். தொல்லையே அதுதான். துடுப்புக் கதிர்கள், அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய முட்கள், கிளை பிரிவதால்தான் ஹாஃப்மூன் என்ற அரைவட்ட வால் ரகத்தின் வால் 180 பாகைக்கு விரிகிறது. ரோஸ்டெயிலில் அந்தக் கிளைகள் அளவுமீறிப் பெருகி, விரிய இடமில்லாமல் மடிப்பு மடிப்பாகச் சுருள்கின்றன. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் வாலோடு கோளாறும் கூடும். அத்தகைய குஞ்சுகளில் வயிற்றுத் துடுப்பு இல்லாதவை, செதில் சிறுத்துத் தாறுமாறாக இருப்பவை, நீந்தத் திணறுபவை எல்லாம் வரும். ‘தீனி சரியில்லை’, ‘தண்ணீர் சரியில்லை’ என்று காரணம் தேடுவார்கள். ஜோடி சேர்த்த அன்றே வந்த வினை அது. எந்தத் தீனியும் அதை மாற்றாது. ரோஸ்டெயிலை இனப்பெருக்கத்துக்கு எடுத்தே ஆகவேண்டும் என்றால், கிளை குறைந்த, உடல் திடமான ஹாஃப்மூனோடு சேருங்கள்.

டபுள்டெயில், அதாவது இரட்டை வால் ரகம், வேறு கணக்கு. அது ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். கலப்பில்லாத ஒற்றை வால் மீனோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ஒற்றை வால்தான், ஆனால் மரபணுவை மறைவாகச் சுமக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் ஏறத்தாழ கால்வாசி டபுள்டெயில். ஆகவே ஒற்றை வால் ஜோடிக்கு இரட்டை வால் குஞ்சு பிறந்தால் விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். டபுள்டெயிலோடு டபுள்டெயிலைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பதுதான் ஆபத்து. ஏற்கெனவே குட்டையான உடல் இன்னும் குறுகும், முதுகெலும்பு வளையும்.

ஹாஃப்மூன் ஒரே மரபணுவின் வேலை இல்லை. நல்ல ஜோடிக்கும் கலவையாகத்தான் குஞ்சுகள் வரும்.

சரி, ஜோடி தேர்ந்தெடுக்கும்போது மீனை மேலிருந்தும் பாருங்கள், முதுகு நேராக இருக்கிறதா என்று. நீந்தும்போது பின்பக்கம் தொங்கினால் வேண்டாம். கூடப் பிறந்தவை எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். வால் கடிக்கும் மீனை ஜோடி சேர்க்கவே கூடாது. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் ஃபில்டரின் வேகத்தைக் குறையுங்கள். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய மீன் அது, நீர்மட்டத்துக்கு அருகில் சாய்ந்து இளைப்பாற அகலமான இலை வையுங்கள்.

ஒரு தடவை முட்டையிட்டால் நூற்றுக்கணக்கில் குஞ்சு வரலாம். சில மாதங்களில் ஆண்கள் சண்டை தொடங்கிவிடும், ஒவ்வொன்றுக்கும் தனித்தொட்டி வேண்டும். அத்தனைக்கும் இடமும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஜோடி தேடுங்கள்.