ஏந்துதலா, உடன்கொண்டிருத்தலா? ‘பேர் ஆர்ம்ஸ்’ என்பதற்குத் தமிழ்

அமெரிக்காவில் துப்பாக்கி பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நம் செய்தி எழுத்தில் தவறாமல் வந்து நிற்கும் தொடர் ‘ஆயுதம் ஏந்தும் உரிமை’ என்பது. அந்நாட்டுப் பயணியர் விமானங்களை ஓட்டுவோர் கைத்துப்பாக்கியுடன் பணிக்கு வரலாமா என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்துகொண்டால் ‘ஆயுதம் ஏந்திய விமானிகள்’ என்று ஒரு தலைப்பு பிறந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த எனக்கு, ‘மறைத்து ஏந்துவதற்கான உரிமம்’ என்ற தொடரைப் படித்தபோது பொறுமை தீர்ந்துபோயிற்று. ஏந்தியதை மறைக்க முடியாது. மறைத்ததை ஏந்த முடியாது. இந்த முரண் மொழிபெயர்த்தவரின் கண்ணில் படவில்லை. ஆயுதம் என்று எழுதியவுடன் கை தானாகவே ‘ஏந்து’ என்று எழுதிவிடுகிறது. அந்த வினைக்கு என்ன பொருள் என்று நினைத்துப் பார்க்கும் வழக்கம் போய்விட்டது.

‘ஆயுதம் ஏந்துதல்’ என்று நாம் பெயர்க்கும் ‘பேர் ஆர்ம்ஸ்’ (bear arms) என்ற ஆங்கில மூலத்தை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘பேர்’ என்பது சுமத்தலையும் தாங்கலையும் ஈன்றெடுத்தலையும் குறிக்கும் பழைய ஆங்கில வினை. நாம் வழங்கும் ‘பாரம்’ என்ற வடசொல்லுக்கும் அதற்கும் தொலைதூர உறவு உண்டு. ‘ஆர்ம்ஸ்’ என்பது போர்க்கருவிகளைக் குறிக்கும் ‘ஆர்மா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துப்பாக்கியுடன் செல்வதற்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேரி’ (carry) என்பதோ வண்டியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் வண்டியில் ஏற்றிச் செல்லுதலே அதன் பொருள். ‘துப்பாக்கி’ என்ற நம் சொல்லும் துருக்கிய மூலத்திலிருந்து வந்ததுதான். அதை ஒதுக்கிவிட்டுச் ‘சுடுகலன்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் இங்கே வழக்கு பெயர்ச்சொல்லைப் பற்றியதன்று, வினைச்சொல்லைப் பற்றியது. பெயர்ச்சொற்களைத் தூய்மைப்படுத்துவதில் காட்டும் ஆர்வத்தில் பாதியை நாம் வினைச்சொற்களின் மீது காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திராது.

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. அதில் மக்களுக்குரியதாகச் சொல்லப்படும் உரிமையில் இரண்டு வினைகள் உள்ளன: ‘கீப்’, ‘பேர்’. ஒன்று வைத்திருத்தல், மற்றொன்று நம் சிக்கல். நம் மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் முதல் வினையை விழுங்கிவிட்டு இரண்டாவதை மட்டும் ‘ஏந்துதல்’ என்று தருகின்றன. இரண்டையும் சேர்த்து ‘வைத்திருத்தல்’ என்று எழுதுவோரும் உண்டு. வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதும் இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடப்பதும் ஒன்றல்ல என்பதுதான் அங்கே பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் நடுப்புள்ளி. அந்த வேறுபாட்டைத் தமிழில் அழித்துவிட்டால் வாசகருக்கு மிஞ்சுவது கூச்சல் மட்டுமே.

‘ஏந்து’ என்ற வினை உயரத்தையும் கையையும் விட்டு விலகாதது. ஏந்தல் என்றால் உயர்வு, உயர்ந்தவன். விளக்கை ஏந்துகிறோம், பதாகையை ஏந்துகிறோம், குழந்தையைக் கைகளில் ஏந்துகிறோம், இரப்பவர் கையேந்துகிறார். இவை அனைத்திலும் பொருள் கையில் இருக்கிறது, கை முன்னே நீண்டிருக்கிறது, பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிகிறது. வாளை ஏந்தியவன் வாளை உருவிவிட்டவன். ஆகவே ‘துப்பாக்கி ஏந்திய ஒருவர் விமானத்தில் இருந்தார்’ என்று படிக்கும் தமிழ் வாசகர் நியாயமாக நினைப்பது விமானக் கடத்தலைத்தான். உறையில் போட்டு, பூட்டி, யாரிடமும் சொல்லாமல் வந்து அமரும் விமானியை அவர் நினைக்க மாட்டார். போதாக்குறைக்கு, ‘ஆயுதம் ஏந்திய போராட்டம்’ என்ற வழக்கு கிளர்ச்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் உரியதாகத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. அந்தச் சாயலையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் ‘ஆயுதம் ஏந்திய விமானி’ வாசகரிடம் வந்து சேர்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். பழைய இலக்கியத்தில் அணிகலன் அணிந்த பெண்ணை ‘ஏந்திழை’ என்கிறார்களே, அங்கே ஏந்துதல் அணிதலாகத்தானே இருக்கிறது, அவள் நகையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டா நின்றாள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த ஆட்சி ஒரு தொகைச்சொல்லுக்குள் உறைந்துபோனது. இன்று யாரும் ‘அவள் வளையல் ஏந்தியிருந்தாள்’ என்று எழுதுவதில்லை, எழுதினால் வளையலைக் கையில் வைத்துக்கொண்டு விற்கிறாள் என்றே பொருள்படும். செய்யுளில் உயிரோடிருக்கும் ஒரு பொருளை நாளிதழ் உரைநடையின் தலையில் கட்டுவது புலமைக்கு அழகாக இருக்கலாம், தெளிவுக்கு உதவாது. மேலும், ஏந்திழையின் அணிகலன்கூடப் பிறர் காண அணிந்ததுதான், சட்டைக்குள் ஒளித்ததன்று.

ஆங்கிலத்திலும் இந்த வினைகள் எளிதாகப் பிடிபடவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கியை ‘கேரி’ செய்தவருக்குக் கூடுதல் தண்டனை என்று ஒரு சட்டம் அங்கே உண்டு. வண்டியின் முன்பெட்டியில் பூட்டி வைத்திருந்த துப்பாக்கி அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்ற வழக்கு 1998இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அடங்கும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரேயர், அகராதிகளையும் ஆங்கில விவிலியத்தையும் பழைய புதினங்களையும் நாளிதழ் வழக்கையும் புரட்டி, அந்த வினை வண்டியிலிருந்தே பிறந்தது என்பதுவரை எடுத்துக்காட்டினார். மறுத்து எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க், மோதல் நேர்ந்தால் உடனே எடுக்க ஆயத்தமாக உடலிலோ உடையிலோ பையிலோ வைத்திருப்பதே ‘கேரி’ என்ற விளக்கத்தை முன்வைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல், கைத்துப்பாக்கித் தடை பற்றிய ஹெல்லர் வழக்கில் இரண்டாம் திருத்தத்தின் ‘பேர்’ என்ற வினைக்குப் பொருள் காண வந்த நீதிபதி ஸ்காலியா அதே விளக்கத்தை எடுத்துக்கொண்டார். கின்ஸ்பர்க் அந்த வழக்கில் எதிர்த்தரப்பில் இருந்தார் என்பது வேடிக்கை. அதே வழக்கில் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், ‘பேர் ஆர்ம்ஸ்’ என்பது படையில் பணியாற்றுதலைக் குறிக்கும் மரபுத்தொடர் என்றும் அதன் வேர் இலத்தீன் தொடரில் இருக்கிறது என்றும் வாதிட்டார். 2022இல் நியூயார்க் மாநிலச் சட்டம் பற்றிய தீர்ப்பில், அந்த வினை வீட்டுக்கு வெளியே துப்பாக்கியுடன் செல்வதையும் உள்ளடக்கியது என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஆறு பேர் முடிவு செய்தார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: இந்த வாதங்கள் எவற்றிலும் துப்பாக்கி உருவப்படவில்லை. உடலில் இருப்பதா, வண்டியில் இருப்பதும் சேருமா, படைவீரனாக இருந்தால்தான் பொருந்துமா என்பவையே கேள்விகள். ‘ஏந்துதல்’ என்று பெயர்த்தால் இந்தக் கேள்விகள் ஒன்றுகூடத் தமிழில் எழுவதற்கு இடமில்லை. முன்பெட்டியில் பூட்டியதை ஏந்தினானா என்று எந்தத் தமிழ் நீதிமன்றமும் ஒரு நாழிகைகூட ஆராயாது.

இன்னொரு சான்றும் சொல்லலாம். அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 2023ஆம் ஆண்டில் மட்டும் பயணிகளிடம் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், பையில் இருந்ததை மறந்துவிட்டோம் என்பது. மறந்துபோய் ஒருவர் துப்பாக்கியை உடன்கொண்டிருக்கலாம். மறந்துபோய் ஏந்த முடியுமா?

இனி விமானிகள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானிகளின் சங்கங்கள் துப்பாக்கி கேட்டன. அன்றைய போக்குவரத்துத் துறைச் செயலர் நார்மன் மினெட்டா அதை ஏற்கவில்லை, விமான நிறுவனங்களும் விரும்பவில்லை. விமானியின் வேலை ஓட்டுவது, கதவை வலுப்படுத்தினால் போதும் என்பது மறுத்தவர்களின் வாதம். கதவு உடைந்த பிறகு கடைசித் தடையாக வேறென்ன இருக்கிறது என்பது கேட்டவர்களின் வாதம். 2002 ஜூலையில் பிரதிநிதிகள் அவை 310க்கு 113 என்றும், செப்டம்பரில் மேலவை 87க்கு 6 என்றும் விமானிகள் பக்கம் வாக்களித்தன; நவம்பரில் சட்டம் கையெழுத்தாயிற்று. விருப்பமுள்ள விமானிகள் ஏறத்தாழ ஒரு வாரப் பயிற்சிக்குப் பின் நடுவண் அரசின் அலுவலராக அமர்த்தப்படுகிறார்கள். 2003 ஏப்ரலில் முதல் அணி பயிற்சி முடித்தது. அதே ஆண்டின் இறுதியில் சரக்கு விமான ஓட்டிகளுக்கும் திட்டம் விரிவுபட்டது.

அவர்களுடைய அதிகாரம் விமானி அறையைக் காப்பதோடு முடிகிறது. பயணிகள் பகுதியில் கைகலப்பு நடந்தால் துப்பாக்கியோடு எழுந்து போக அவர்களுக்கு இடமில்லை. அறையை விட்டு வெளியேறும்போது துப்பாக்கியைப் பூட்டியாக வேண்டும். இந்தப் பூட்டே ஒருமுறை வினையாயிற்று: 2008 மார்ச்சில் டென்வரிலிருந்து சார்லட் நகருக்குச் சென்ற விமானத்தில், தரையிறங்கும் முன் விமானி உறைக்குப் பூட்டுப் போட முயன்றபோது துப்பாக்கி வெடித்து, குண்டு விமானத்தின் சுவரைத் துளைத்து வெளியேறியது. யாருக்கும் காயமில்லை. உறையின் துளை வழியே விசைப்பகுதிக்குள் பூட்டைக் கோக்கும் அமைப்பைப் பலரும் குறை கூறினார்கள். இந்தச் செய்தியை ‘ஆயுதம் ஏந்திய விமானி சுட்டார்’ என்று தமிழில் தந்தால் அது பொய்யாகவே ஆகிவிடும். அவர் ஏந்தவும் இல்லை, சுடவும் இல்லை. எடுத்து வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் எந்தச் சொல்? ‘தாங்குதல்’ என்று சிலர் சொல்வார்கள். அது சுமையையும் துன்பத்தையும் பொறுப்பதற்குரிய சொல். துப்பாக்கி தாங்கும் குடிமகன் என்றால் எனக்குச் சுவரில் அறைந்த ஆணிதான் நினைவுக்கு வருகிறது. ‘ஆயுதபாணி’ என்பதில் பாணி என்றாலே கை. ஏந்துதலின் பிழையை அது வடமொழியில் செய்கிறது. ‘தரித்தல்’ இவற்றினும் மேலானது. உடை தரித்தல் என்பதில் உடலோடு ஒட்டியிருக்கும் பொருளும், கருத்தரித்தல் என்பதில் உள்ளே சுமக்கும் பொருளும் அதற்கு உண்டு. ஈழத்துச் செய்தி நடையில் ‘ஆயுதம் தரித்த’ என்ற வழக்கும் உண்டு. வடசொல் என்பதற்காக மட்டும் அதை நான் தள்ளவில்லை. பைக்குள் இருப்பதையும் வண்டிக்குள் இருப்பதையும் அது தொடாது என்பதே குறை.

நான் பரிந்துரைப்பது ‘உடன்கொண்டிருத்தல்’. சொல் நீளம்தான்; ஆனால் உடலிலும் உடையிலும் பையிலும் இருப்பதை அது சேர்த்துக் குறிக்கிறது, வண்டியில் இருப்பது சேருமா என்ற வழக்கையும் திறந்தே வைக்கிறது. ‘வைத்திருக்கவும் உடன்கொண்டிருக்கவும் உள்ள உரிமை’ என்று எழுதினால் மூலத்தின் இரு வினைகளும் தனித்தனியே நிற்கும். ‘மறைவாக உடன்கொண்டிருத்தல்’, ‘வெளிப்பட உடன்கொண்டிருத்தல்’ என்ற இணையும் முரணின்றி அமையும். தமிழ் இந்த வேறுபாட்டை அறியாத மொழியன்று: இடையில் செருகியிருக்கும் வாளுக்கு ‘உடைவாள்’ என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது, உருவிக் கையில் பிடித்தால்தான் அது ஏந்திய வாள். ஸ்டீவன்ஸ் சொல்லும் படைப்பணிப் பொருள் வரும் இடத்தில் மட்டும் ‘படைக்கலம் பூணுதல்’ என்று வேறுபடுத்தலாம்; உறுதி பூணுதலில் உள்ள கடமைச் சாயல் அங்கே பொருந்தும்.

‘உரிமை’ என்ற சொல்லையும் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். குடிமக்களுக்கு இருப்பது அரசமைப்பு ஏற்ற உரிமை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு உரிமம்கூடத் தேவையில்லை. விமானிக்கு இருப்பதோ அரசு அளித்த பணி அதிகாரம். முன்னது விமான நிலையச் சோதனைச் சாவடியில் நின்றுவிடுகிறது. பின்னது விமானி அறைக்குள் தொடங்குகிறது. ‘விமானிகளுக்கும் ஆயுதம் ஏந்தும் உரிமை’ என்ற தலைப்பில் வினையும் பிழை, பெயரும் பிழை. ‘துப்பாக்கியுடன் பணிபுரிய விமானிகளுக்கு அனுமதி’ என்றால் போதுமானது. குடிமகன் துப்பாக்கியுடன் நடமாடுவதை எதிர்ப்பவர் பயிற்சி பெற்ற விமானியை ஆதரிக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். ஒரே சொல்லால் இருவரையும் கட்டிப்போட்டால் அந்த நிலைப்பாடுகளைச் சொல்லவே வழியில்லாமல் போகிறது.

இந்தச் செய்திகளைச் சுற்றி வரும் பிற சொற்களின் நிலையும் இதுவே. பயணிபோல அமர்ந்து வரும் காவல் அலுவலரான ‘ஏர் மார்ஷல்’ என்பவரை இந்திய வான்படையின் அதே பெயருள்ள உயர் பதவியோடு குழப்பி ‘விமானப்படைத் தளபதி’ ஆக்கிவிடலாம். ‘வான்பயணக் காவலர்’ என்றால் குழப்பமில்லை. ‘மிலிஷியா’ என்பது 1791இல் ஊர்க்குடிகள் திரளும் படை. அதைப் ‘போராளிக் குழு’ என்பதைவிடக் ‘குடிப்படை’ என்பதே நேர். விமானிகளின் திட்டத்துக்கு அமெரிக்கர் வைத்த பெயரில் வரும் ‘ஃபிளைட் டெக்’ என்பது விமானி அறை. அதை ‘விமானத் தளம்’ என்று எழுதினால், அந்தத் துப்பாக்கிக்கு எந்த எல்லையை வகுப்பதற்காகச் சட்டம் அவ்வளவு பாடுபட்டதோ, அந்த எல்லை ஓடுபாதைவரை நீண்டுவிடும்.