மே மாதம் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே வாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் என் அறை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பெருந்துறை, சென்னிமலை, பள்ளிபாளையம், ஊத்துக்குளி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். ஈரோட்டில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன், இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அந்த ஒரு வாரத்தில் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு என்னிடம் இருக்கிற பதில், இதை மூன்று வருடம் முன்னாடி கேட்டிருந்தால் வழி இருந்தது என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு எதிரில் இருக்கிற அம்மா அப்பா முகத்தைப் பார்க்கவே முடியாது. எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஜூன் மாதம் தறி ஓட்டுகிற ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொண்ணு பத்தாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். இவ்வளவு மார்க் வாங்குகிற பிள்ளையை இங்கேயே வைத்திருந்தால் வீணாகிவிடும் என்று ஒறம்பரை எல்லாரும் சொல்ல, வட்டிக்கு வாங்கி, பதினொன்று பன்னிரண்டுக்கு ஒரு தனியார் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார். நீட் மார்க் வந்தது. மோசமான மார்க் இல்லை, ஆனால் பொதுக் கவுன்சலிங்கில் சீட்டு கிடைக்கிற மார்க்கும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கிற 7.5 சதவீத உள் இடஒதுக்கீட்டில் போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். "ஏனுங்க மேடம், ரெண்டு வருசத்துக்குத்தானுங்க மாத்துனோம், அதுக்கு முன்னாடி பத்து வருசமும் கவருமெண்டு ஸ்கூல்தானுங்களே" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் கடன் வாங்கிக் கட்டிய அந்த இரண்டு வருடம்தான் மகளுடைய உரிமையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பொண்ணு ஒரு வார்த்தை பேசாமல் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த விதியைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி மாற்றுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீதம் 2020ல் சட்டமானது. 2021ல் அதையே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் இதை இழக்கிறார்களே என்று எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அப்புறம் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் கல்லூரிப் படிப்பு முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே வரும், மூன்று வருட டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 36,000 ரூபாய். இதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படை, அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள். இதெல்லாம் போக, அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. டிகிரி கேட்கிற வேலை என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை தமிழ் வழியாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் இங்கிலீஷ் மீடியம் போனால் அதுவும் போயிற்று.

பள்ளியை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊரில் நல்ல கணக்கு வாத்தியார் இல்லை, லேப் இல்லை, பஸ் வசதி இல்லை என்று சில வீடுகளுக்கு உண்மையான காரணம் இருக்கும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தோட்டம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

உதவித்தொகைத் தேர்வுகளிலும் இதே கதைதான். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது, பணம் வருடம் 1,000 ரூபாய்தான், ஆனால் மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள் என்று எடுப்பதால் அந்தப் பட்டியலில் பெயர் வந்த கிராமத்துப் பிள்ளை நடக்கிற நடையே மாறிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்துதான் கேள்வி, தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு தனி, அதில் 1,000 பேருக்கு வருடம் 10,000 ரூபாய், எந்த வகுப்புக்கு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். விண்ணப்பம் எல்லாம் பள்ளி மூலமாகத்தான் போகும். நம் வீட்டில் என்ன நடக்கிறது என்றால், நோட்டீஸ் பலகையில் ஒட்டியதைப் பிள்ளை பார்த்திருக்கும், வீட்டில் சொல்லாது, நாமும் கேட்க மாட்டோம்.

சரி, இதெல்லாம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு. படிப்பு வரவில்லை என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது.

கோபி பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிற ஒரு குடும்பம். பையன் ஒன்பதாம் வகுப்பு. தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்குள் இவனே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவானாம். ஆனால் எல்லாப் பாடத்திலும் இருபதுக்குக் கீழேதான் மார்க். சோம்பேறி, திமிரு, செல்போன் பைத்தியம் என்று எல்லாப் பட்டமும் வாங்கிவிட்டான். சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். நாலு வரி வாசிக்க மூன்று நிமிடம் ஆனது, எழுத்துகள் இடம் மாறி மாறி வந்தன, நெற்றியில் வியர்த்துவிட்டது. அதே பத்தியை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டேன், ஐந்துக்கு ஐந்தும் சரியாகச் சொன்னான். கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்பார்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எழுத்தை ஒலியாக மாற்றுகிற வேலை அந்த மூளைக்குச் சிரமமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது வருடம் பள்ளிக்கூடம் போன பையனை ஒருத்தர்கூட தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முறையாகச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கேள்வியை வாசித்து பதிலை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று சலுகைகள் கிடைக்கும். தலைமையாசிரியர் மூலமாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சோதனை, சான்றிதழ், ஒப்புதல் என்று படிப்படியாக நடக்கிற வேலை. பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே தாள் நகர ஆரம்பிக்க வேண்டும், பிப்ரவரியில் ஓடிவந்தால் நடக்காது. இந்தப் பையனுடைய அம்மா சான்றிதழ் என்றதும் அழுதுவிட்டார். "நாளைக்கு இவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களாங்க?" என்று கேட்டார். அந்தப் பயத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன், நம் ஊரில் அது நிஜமான பயம். அவரைச் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு தடவை உட்கார வேண்டியிருந்தது. கடைசியில் அப்பாருதான் பேசினார், பையனுடைய தாத்தா: "ஒருத்தனுக்குக் கண்ணாடி போட்டாக் குத்தமா சாமி? இதையும் அப்படி நெனைச்சுக்க." பையன் பத்தாம் வகுப்பு பாஸ் செய்து பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். டிப்ளமோ முடித்ததும் பி.இ. நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம், அதை இப்போதே கேட்டு வைத்திருக்கிறான்.

தேர்வில் தோற்ற பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் அவசரக்காரர்கள். மே மாதம் ரிசல்ட் வரும், அடுத்த ஒன்றிரண்டு மாதத்தில் துணைத்தேர்வு வைத்துவிடுகிறார்கள், அதில் பாஸானால் அதே வருடம் மேலே சேரலாம், வருடம் வீணாகாது. ஆனால் அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க அனுப்பிவிடுவார்கள். சும்மா இருக்கிற நேரத்துக்கு நாலு காசு என்றுதான் அனுப்புகிறார்கள். சனிக்கிழமை சம்பளம் கையில் வாங்கிப் பழகிய பையனை, ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவனை, மறுபடி புத்தகத்தின் முன்னால் உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். துணைத்தேர்வு முடியட்டும், அப்புறம் அனுப்புங்கள். படிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்காகவே நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்துகிறார்கள், அங்கேயே ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி என்று கையோடு சேர்த்துவிட ஆள் இருக்கும். பன்னிரண்டு முடித்தவர்களுக்கு 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி தனி.

இனி மனசு. ஹாஸ்டலில் இருந்த பதினொன்றாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி, ஒவ்வொரு ஞாயிறும் போனில் வயிறு வலிக்கிறது என்பாள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. நடிக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். என்னிடம் வந்தபோது கேட்டேன், எத்தனை மணிக்குத் தூங்குவாய் அம்மிணி? பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழ வேண்டும். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், அதில் பாதிதான் இவளுக்குக் கிடைத்திருக்கிறது. வாரத் தேர்வு மார்க் வரிசைப்படி பெஞ்சு மாற்றி உட்காரவைப்பார்களாம், திங்கள்கிழமை அந்தப் பட்டியல் வரும். வலி நிஜமான வலிதான். மனசு தாங்க முடியாததை உடம்பு சொல்கிறது. வீட்டுக்குக் கூட்டிவந்து பக்கத்துப் பள்ளியில் சேர்த்தார்கள், சில வாரங்களில் வயிற்று வலி குறைந்தது, தூக்கம் சரியாக இன்னும் அதிக நாள் ஆனது.

சாப்பாடு குறைவது, பிடித்த விளையாட்டை விடுவது, கூட்டாளிகளைத் தவிர்ப்பது, பொழுதோட தனியாக மொட்டைமாடியில் உட்கார்ந்திருப்பது, "நான் இல்லைனா உங்களுக்கு நிம்மதி" மாதிரி ஒரு வார்த்தை. இதில் எது இரண்டு வாரம் தொடர்ந்தாலும் உட்கார்ந்து பேசுங்கள். உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா கண்ணு என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்த பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். ஆம் என்று பதில் வந்தால் திட்ட வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம், பூச்சி மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள், தோட்டத்துச் சாளையில் வைத்திருக்கிற மருந்து டப்பா முக்கியம், தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு கிடையாது. ராத்திரி என்றால் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள். 104லும் ஆலோசனை உண்டு. பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 1098. படிப்பு, தேர்வு, பள்ளி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417. இந்த நான்கு எண்ணையும் பிள்ளையின் நோட்டுப் பின் அட்டையில் எழுதிவிடுங்கள், நீங்கள் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

நோம்பி நொடிக்கு ஒறம்பரை வந்தால் முதல் கேள்வியே மார்க்கு எவ்வளவு என்பதுதான். அதற்குப் பதில் சொல்கிற வேலையைப் பிள்ளையிடம் விடாமல் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "நல்லாப் படிக்கிறானுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கோ மஞ்சள் விலைக்கோ திருப்பிவிட்டால் போதும்.

எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்கள் முதலில் உங்கள் பள்ளியிலேயே கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதலுக்கென்றே ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள், அவர் யார் என்று விசாரியுங்கள். என்னிடம் வருகிறவர்கள் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளி, எந்த மீடியம் என்று எழுதிய ஒரு தாள், கடைசி இரண்டு பரீட்சைப் பேப்பர்கள் கொண்டு வாருங்கள். ரேங்க் கார்டு மட்டும் போதாது, பேப்பரைப் பார்த்தால்தான் எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். பாதிப் பேர் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணி நேரம் நானும் பிள்ளையும் மட்டும் பேசுவோம், நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், எதிரிலேயே டீக்கடை இருக்கிறது.