பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 450 வோல்ட்

கிட்டார் வாசிக்கிற பிள்ளைகள் ட்யூப் ஆம்ப்பை, அதாவது வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரை, தாங்களே திறந்து பார்ப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. கிட் (பாகங்கள் மொத்தமும் அடங்கிய தொகுப்பு) வரவழைத்து வீட்டிலேயே ஆம்ப் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். வால்வு ரேடியோ மெக்கானிக்குகளோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்த கைவேலை இது. ஆனால் என் மேசைக்கு வருகிற சில ஆம்ப்களைப் பார்க்கும்போது, இதில் கை வைத்தவருக்கு ஒன்றும் ஆகாமல் போனது அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஆம்ப்பைத் திறக்கிறவருக்கு ஒரு ஆபத்து, திறக்காமல் வாசிக்கிறவருக்கு இன்னொரு ஆபத்து. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் பழகியவர்கள் 12 வோல்ட், 24 வோல்ட்டில் வேலை செய்தவர்கள். கை பட்டாலும் ஒன்றும் தெரியாது. ட்யூப் அப்படியில்லை. அதற்குள் சூடான கேத்தோடு என்ற முனையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை வெற்றிடத்தின் வழியே பிளேட் என்ற மறுமுனைக்கு இழுக்க நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி. வேண்டும். முதல்முறை கிட் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் 5எஃப்1 சர்க்யூட்டில் ஆரம்பிக்கிறார்கள். மூன்றே ட்யூப்: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3, சுமார் 5 வாட், அவ்வளவுதான். அந்தக் குட்டி ஆம்ப்பிலேயே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ட்வின் ரிவெர்ப் மாதிரி பெரிய ஆம்ப்பில் 450 வோல்ட் சர்வசாதாரணம்.

அந்த வோல்ட்டேஜைச் சமப்படுத்தி வைப்பவை ஃபில்டர் கெப்பாசிட்டர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் டிரான்ஸ்பார்மருக்கு கரண்ட் நின்றுவிடும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் அங்கேயேதான் இருக்கும். 50 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் 450 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும் சக்தி 5 ஜூல். அது ஒரு கை வழியாக ஏறி மறு கை வழியாக இறங்கினால் நடுவில் இருப்பது இதயம்.

ஃபெண்டரின் பல ஆம்ப்களில் இந்தக் கெப்பாசிட்டர்கள் கண்ணிலேயே படாது. சேசிஸை (பாகங்களைத் தாங்கும் உலோகப் பெட்டியை) கழற்றித் திருப்பினால் ரெசிஸ்டரும் ஒயரும் உள்ள போர்டு தெரியும். பெரிய கெப்பாசிட்டர்கள் சேசிஸின் மறுபக்கத்தில், ஸ்க்ரூ போட்ட ஒரு தகர மூடிக்குள் இருக்கும். உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லையே என்று நினைத்து விரலை விடுகிறார்கள். விரல் படுகிற இடமோ அந்த மூடிக்குள்ளிருந்து வரும் ஒயரின் முனை.

சில ஆம்ப்களில் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். ஓரிரு நிமிஷத்தில் தானாக வடிந்துவிடும். பல ஆம்ப்களில் அது கிடையாது. இருந்தாலும் நாற்பது வருஷப் பழைய ரெசிஸ்டர் ஒன்று அறுந்து போயிருக்கலாம். ட்யூபைச் சூடாக வைத்துக்கொண்டே உயர் வோல்ட்டேஜை மட்டும் நிறுத்தும் ஸ்டாண்ட்பை சுவிட்சும் கவனிக்க வேண்டியது. ஸ்டாண்ட்பையில் வைத்தபடி பவரை நிறுத்தினால், பல ஆம்ப்களில் கெப்பாசிட்டருக்கும் ட்யூபுக்கும் நடுவில் பாதை துண்டாகிவிடும். வாசிக்கும் நிலையிலேயே பவரை அணைத்தால், ட்யூப் ஆறுவதற்குள் பெரும்பகுதியை அதுவே இழுத்துக்கொள்ளும். உதவிதான், ஆனால் அதை நம்பிக் கை வைக்கக் கூடாது.

நான் செய்வது இது. 10 கிலோஓம், 10 வாட் ஒயர்வவுண்டு ரெசிஸ்டர் ஒன்று. அதன் இரு முனையிலும் நல்ல ரப்பர் உறை போட்ட ஒயரும் முதலை கிளிப்பும். ஈயம் வைத்த இடம் வெளியே தெரியாமல் ஸ்லீவ் போட்டு மூடியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, அதை என் கண்ணெதிரே மேசை மேல் வைத்துவிடுவேன். ஒரு கிளிப்பை முதலில் சேசிஸில் மாட்டுவேன். மற்றதை ஒரே கையால் கெப்பாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்குக் கொண்டு போவேன். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். மோதிரம், செயின், கைக்காப்பு எல்லாம் முன்பே கழற்றியாகிவிடும். சில வினாடி பொறுத்து, மீட்டரை 1000 வோல்ட் டி.சி. ரேஞ்சில் வைத்து ஒவ்வொரு கெப்பாசிட்டராக அளப்பேன். எல்லாமே 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் வேலை. சரி, வடிந்துவிட்டது என்று கிளிப்பை எடுத்துவிடவும் கூடாது. எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் வடித்த பிறகும் தானாகவே கொஞ்சம் வோல்ட்டேஜை மீட்டுக்கொள்ளும். மீட்டரை மாட்டி வைத்துப் பாருங்கள், எண் மெல்ல மேலே ஏறுவது தெரியும். வேலை முடியும்வரை கிளிப் மாட்டியே இருக்கட்டும். ஆன் செய்வதற்கு முன்னால் எடுக்க மறக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிக்கிற பழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். கெப்பாசிட்டரும் கெடும், பொறி கண்ணிலும் தெறிக்கும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிவிடுமே என்று கேட்கிறார்கள். ஆகாது. 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. மெயின் லைனில் போகும் கரண்ட்டையும் திரும்பும் கரண்ட்டையும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். ட்யூப் ஆம்ப்பின் உயர் வோல்ட்டேஜ் பவர் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், மெயினிலிருந்து தனியாகப் பிரிந்த சுற்றில் இருக்கிறது. அங்கே உங்களைத் தாக்குவது ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. உங்கள் கையில் இருக்கும் மீட்டர்தான் பாதுகாப்பு.

அடுத்தது வாசிக்கிறவர்களுக்கு. சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பி ஆம்ப் கொண்டு வந்தான். பிளக்கில் எர்த் பின் இல்லை. பிளேடால் அறுத்து, முனையைத் தேய்த்தும் விட்டிருக்கிறது. "அண்ணா, எர்த் இல்லேன்னா ஹம் வரல, அதான்" என்றான். அவன் சொன்னது உண்மைதான், ஹம் என்கிற ரீங்காரம் போய்விடும். ஆனால் கிட்டாரின் ஸ்ட்ரிங், பிரிட்ஜ் வழியாக, கேபிளின் ஷீல்டு வழியாக, நேராக ஆம்ப்பின் சேசிஸோடு இணைந்திருக்கிறது. உள்ளே இன்சுலேஷன் விட்டு ஃபேஸ் ஒயர் சேசிஸில் பட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் சேசிஸும் ஸ்ட்ரிங்கும் 230 வோல்ட்டில் நிற்கும், ஆம்ப் ஒழுங்காகப் பாடிக்கொண்டே இருக்கும். பாடுவதற்கு வாயை மைக்கருகே கொண்டு போகும்போதுதான் தெரியும். மைக்கோ மிக்சர் வழியாக எர்த் ஆகியிருக்கும். கையிலிருந்து உதட்டுக்குக் கரண்ட் பாயும்.

ஸ்டோன் தி க்ரோஸ் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே இறந்தார். அங்கே எர்த் இல்லாமல் இருந்தது மைக். எந்தப் பக்கம் எர்த் அறுந்திருந்தாலும் நடுவில் நிற்பவர் மனிதர்தான். 1965-இல் சாக்ரமெண்டோ மேடையில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டு அவர் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.

ஹம் வந்தால் அதன் காரணத்தைத் தேடுங்கள். கிட்டாரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் குறை ஆம்ப்பில் இல்லை. கழற்றிய பிறகும் வந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ட்யூபைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிங்கையோ, இரண்டு பெட்டிகள் தனித்தனியே எர்த் ஆவதால் அவற்றுக்கு நடுவே உண்டாகும் எர்த் லூப்பையோ பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் ரீங்கரித்தால் பெரும்பாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. மேல்பக்கம் வீங்கியோ முனையில் பசை கசிந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எர்த் லூப் என்றால் சிக்னல் லைனில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போட வேண்டும். மெயின் எர்த்தில் கை வைக்க எந்தக் காரணமும் இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டு வரும் பழைய ஆம்ப்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பின்னால் 'கிரவுண்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். இரண்டு பின் காலத்து ஏற்பாடு அது. மெயின் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு 0.047 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் நேராக லைனில். அதனால்தான் மெக்கானிக்குகள் அதற்கு 'டெத் கேப்' என்று பெயர் வைத்தார்கள். 1970-களின் ஆம்ப்களிலும் பார்த்திருக்கிறேன். அதை வெட்டி எடுத்துவிட்டு மூன்று கோர் கேபிள் போடுவதுதான் நான் முதலில் செய்யும் வேலை. அப்புறம் ஸ்டெப் டவுன் பெட்டி. 230-ஐ 110 ஆக்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் வெளியே மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. வாங்கியதும் மீட்டரில் அளந்து பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதும் நினைவிருக்கட்டும். அந்த ஆம்ப்பை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 230 வோல்ட் பவர் டிரான்ஸ்பார்மர் மாற்றுவதுதான் முறையான வழி.

கிட் கட்டுகிறவர்கள் எர்த் ஒயருக்கென்று மெயின் நுழையும் இடத்தருகே தனி போல்ட் வையுங்கள். டிரான்ஸ்பார்மர் போல்ட்டோடு சேர்க்க வேண்டாம், அது சூட்டில் தளரும். பெயின்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்குங்கள். ஃபேஸ், நியூட்ரலைவிட எர்த் ஒயர் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். கேபிளை யாராவது இழுத்துவிட்டால் எர்த் கடைசியாகத்தான் அறுபட வேண்டும். பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டர் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால், பின்னால் திறக்கிற எவருக்கும் நல்லது.

முதல்முறை ஆன் செய்யும்போது நேராக சுவிட்ச் போர்டில் சொருகாதீர்கள். நம் டிவி மெக்கானிக் கடைகளில் காலம் காலமாக இருக்கும் சீரிஸ் லேம்ப் (ஆம்ப்புக்குப் போகும் லைனில் தொடராக மாட்டிய பல்பு) இதற்கு மிகவும் பொருத்தம். சின்ன ஆம்ப்புக்கு 60 வாட் குண்டு பல்பு போதும், எல்.இ.டி. உதவாது. ஆன் செய்ததும் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். ஸ்பீக்கரோ, ஈடான லோடு ரெசிஸ்டரோ மாட்டாமல் எந்த நேரத்திலும் வாசித்துப் பார்க்க வேண்டாம், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

ஃபியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும். பெரிதாகப் போடுவதும் கம்பி சுற்றுவதும் ஃபியூஸுக்குப் பதிலாக டிரான்ஸ்பார்மரை எரிக்கும். 120-லிருந்து 230-க்கு மாற்றிய ஆம்ப் என்றால் மெயின் ஃபியூஸ் சுமார் பாதி அளவு. எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடாதீர்கள், ஆம்ப்போடு சேர்த்துக் கொண்டு வாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் பெரிய ஷார்ட் என்று பொருள், ரெக்டிஃபையரிலிருந்தும் பவர் ட்யூபிலிருந்தும் தேட ஆரம்பிப்பேன். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் விட்டிருந்தால், ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக அதிகக் கரண்ட் இழுத்திருக்கிறது, ட்யூப் சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட்டைத் தீர்மானிக்கும் பயாஸிலிருந்து பார்க்க வேண்டும்.